உஷார்! நாலு வார்த்தை பாஸ்வேர்டுக்குள் ஒரு கடிகாரம்

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணி. சிங்காநல்லூரில் எங்கள் வீட்டு மேஜைமேல் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்று தங்கச்சி பையனின் லேப்டாப், இன்னொன்று என் பழைய டெஸ்க்டாப். இரண்டிலும் கறுப்புத் திரையைத் திறந்து, அவன் எழுதிய ஒரே ஸ்கிரிப்டை ஏற்றி வைத்திருந்தோம். எண்டர் தட்டினால் நாலு வார்த்தை வந்து விழும். அந்த நாலும் சேர்ந்ததுதான் பாஸ்வேர்டு. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி ஆளுக்கொரு எண்டர் தட்டினோம். முதல் தடவை இரண்டிலும் வேறு வேறு வார்த்தைகள். பையன் சிரித்தான். இரண்டாம் தடவை இரண்டு பேர் கையும் ஒன்றாக இறங்கிவிட்டது. லேப்டாப்பில் குளம், கொக்கு, லேத், கடலை. டெஸ்க்டாப்பிலும் குளம், கொக்கு, லேத், கடலை. வரிசைகூட மாறவில்லை.

பையனுக்கு முகம் வெளிறிவிட்டது. அவனுடைய பெரியப்பா பம்புக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். அங்கே பேங்க், ஜிஎஸ்டி, இ-வே பில், ஆபீஸ் மெயில், டேலி என்று பதினாலு கணக்குகளுக்கு இதே ஸ்கிரிப்டில்தான் பாஸ்வேர்டு எடுத்துக் கொடுத்திருந்தான். "ஏனுங் மாமா, எங்க லேப்ல இப்படித்தானுங்க சொல்லிக் குடுத்தாங்க" என்றான். அவன் சொன்னது உண்மை. அதனால்தான் இதை அவசரமாக எழுதுகிறேன். பீளமேட்டிலிருந்து சூலூர் வரை எத்தனை கல்லூரி, எத்தனை லேப்! இதே வரியைப் படித்த பிள்ளைகள் இதே போல ஒரு ஸ்கிரிப்டை எழுதி, வீட்டுக்கும் கடைக்கும் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்திருப்பார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், இந்தக் கட்டுரையைப் படித்த கையோடு அந்த ஸ்கிரிப்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஒரு புரோகிராமுக்குத் தானாகக் குலுக்கத் தெரியாது. ஒரு தொடக்க எண்ணைக் கொடுத்தால், அதிலிருந்து ஒரு கணக்குப் போட்டு அடுத்தடுத்து எண்களைக் கொட்டும். பார்க்கத் தாறுமாறாகத்தான் இருக்கும். அந்தத் தொடக்க எண்ணுக்கு விதை என்று பெயர். விரை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா என்பார்களே, அதே கதைதான். விதை ஒன்றாக இருந்தால் விளைச்சலும் ஒன்றுதான், எந்த ஊர்க் கம்ப்யூட்டராக இருந்தாலும். சி மொழி படிக்கும் முதல் வருஷமே, "விதையாக இப்போதைய நேரத்தைக் கொடு" என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். 1970 ஜனவரி 1 முதல் இதுவரை ஓடிய நொடிகளின் எண்ணிக்கைதான் அந்த நேரம். லூடோ விளையாட்டு புரோகிராம் எழுத அது போதும். அதே பழக்கம் பைதானுக்கு மாறிய பிறகும் கூடவே வந்து, பாஸ்வேர்டு ஸ்கிரிப்டின் மூன்றாவது வரியில் உட்கார்ந்துகொள்கிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். பையனின் பட்டியலில் 200 வார்த்தைகள். நாலு வார்த்தை எடுத்தால் 160 கோடி விதமாக வரும் என்று நம்பியிருந்தான். ஆனால் ஒரு நொடிக்கு ஒரு பாஸ்வேர்டுதான் அந்த ஸ்கிரிப்டிலிருந்து வரும். ஒரு நாளைக்கு 86,400. ஒரு முழு வருஷத்துக்கு 3 கோடியே 15 லட்சம். திருட நினைக்கிறவன் ஒரு வருஷத்து நொடிகளை ஓட்டிப் பார்க்க ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். "உங்கள் கணக்கு தொடங்கப்பட்டது" என்று ஒரு மெயில் வருகிறது அல்லவா, அதில் மணியும் நிமிஷமும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் அவனுக்கு மிச்சம் அறுபது பாஸ்வேர்டுகள்தான். அறுபது!

சின்னப் பையன் செய்த தப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. பெரிய கைகளே இதில் சறுக்கியிருக்கின்றன. லிப்பிட்காயின் எக்ஸ்ப்ளோரர் என்று ஒரு கருவி உண்டு. பிட்காயின் கணக்குக்கு ரகசிய வார்த்தைகளை உண்டாக்கித் தரும் கமாண்ட் லைன் கருவி. ஒரு வரி தட்டினால் 2048 வார்த்தைகள் கொண்ட பட்டியலிலிருந்து 24 வார்த்தைகள் வரும். முறையாக எடுத்திருந்தால் அதன் சாத்தியங்களை எழுத 78 இலக்க எண் வேண்டும். ஆனால் அந்தக் கருவியும் உள்ளே கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மொத்தமாக வரக்கூடியது 429 கோடி விதைகள்தான். கேம் விளையாடும் ஒரு கம்ப்யூட்டர் சில நாட்களில் அத்தனையையும் போட்டுப் பார்த்துவிடும். 2023 ஜூலை 12-ஐ ஒட்டி, அப்படி உண்டான கணக்குகள் வரிசையாகக் காலியாகின. போனது 9 லட்சம் டாலருக்கு மேல், அன்றைய மதிப்பில் ஏழு கோடி ரூபாயைத் தாண்டும். இதைக் கண்டுபிடித்தவர்கள் அந்தப் பிழைக்கு மில்க் சேட் என்று பெயர் வைத்தார்கள். கடிகாரத்தைப் பூஜ்யத்தில் வைத்து அந்தக் கமாண்டை ஓட்டினால் முதலில் விழுகிற இரண்டு வார்த்தைகள் மில்க், சேட். பிட்காயின் பற்றி உலகம் முழுக்கப் படிக்கப்படும் ஆண்ட்ரியாஸ் ஆன்டனோபோலஸின் 'மாஸ்டரிங் பிட்காயின்' புத்தகத்தின் பின்னிணைப்பிலேயே அந்தக் கமாண்ட் உதாரணமாக இருந்தது. புத்தகத்தைப் பார்த்து அப்படியே தட்டியவர்கள் மேல் என்ன குறை சொல்ல?

வைரஸைப் பிடிக்கிற காஸ்பர்ஸ்கை நிறுவனத்தின் பாஸ்வேர்டு மேனேஜரிலும் இதே நோய் இருந்தது. விதை, அந்த நொடி. 2021 ஜூலையில் லெட்ஜர் நிறுவனத்து ஆய்வாளர்கள் விவரத்தை வெளியிட்டார்கள். 2010 முதல் 2021 வரை ஓடிய நொடிகள் 31 கோடியே 56 லட்சம். ஒரு குறிப்பிட்ட எழுத்து வகைக்கு அத்தனை பாஸ்வேர்டுகள்தான் இருக்க முடியும், அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. டெபியன் லினக்ஸில் 2006 முதல் 2008 மே வரை உண்டான ரகசியச் சாவிகளின் கதை இன்னும் மோசம். சாவி உண்டாக்கும் புரோகிராமில் சில வரிகளை எடுத்துவிட்டதால், ஒரு வகைச் சாவிக்கு 32,768 சாத்தியங்கள் மட்டுமே மிஞ்சின. இந்த மூன்றிலும் ஒரு விஷயம் பொது. வெளியே வந்தது பார்க்க நன்றாகவே இருந்தது. பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாத கோளாறு இது. அதுதான் எனக்குப் பயம்.

சரி, விதையைத் திருத்திவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த ஓட்டை வார்த்தைப் பட்டியலில். பையனின் 200 வார்த்தைகளும் அவன் உட்கார்ந்து யோசித்து எழுதியவை. குளமும் கொக்கும் சிங்காநல்லூர் குளத்துக் கரையிலிருந்து, லேத் பெரியப்பாவின் பட்டறையிலிருந்து, கடலை பஸ் ஸ்டாண்டு வாசலிலிருந்து. அழகான பட்டியல்தான். ஆனால் 160 கோடி என்பது இன்றைய கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு எண்ணே இல்லை. ஏதாவது ஒரு தளத்திலிருந்து பாஸ்வேர்டுகள் பழைய எம்டி5 ஹேஷ் வடிவில் (நேராக எழுதாமல் ஒரு கணக்குப் போட்டு உருமாற்றிச் சேமிப்பதுதான் ஹேஷ்) கசிந்துவிட்டால், விலை கூடின ஒரே ஒரு கார்டு நொடிக்கு பத்தாயிரம் கோடிக்கு மேல் ஊகித்துப் பார்க்கும். 160 கோடிக்கு ஒரு நொடிகூட ஆகாது. நல்ல ஹேஷ் போட்டிருக்கும் தளமாக இருந்தால் இந்த வேகம் லட்சம் மடங்கு குறையும், உண்மை. ஆனால் எந்தத் தளம் எதைப் போட்டிருக்கிறது என்று வெளியே இருக்கிற நமக்குத் தெரிய வழியில்லை. மோசமானதை மனதில் வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

அப்படியானால் எத்தனை வார்த்தை? 1995-இல் அமெரிக்காவின் ஆர்னால்ட் ரெயின்ஹோல்ட் டைஸ்வேர் என்ற முறையைக் கொண்டுவந்தார். பட்டியலில் 7,776 வார்த்தைகள். பகடையை ஐந்து முறை உருட்டினால் ஒரு வார்த்தை. ஆறை ஐந்து முறை பெருக்கினால் வருவதுதான் 7,776. 2016-இல் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் அதே எண்ணிக்கையில், எழுத எளிய வார்த்தைகளாகப் பார்த்து ஒரு புதிய பட்டியலை வெளியிட்டது. அதிலிருந்து நாலு வார்த்தை எடுத்தால் 3,656 லட்சம் கோடி சாத்தியங்கள். கேட்கப் பெரிதாக இருக்கிறது. அதே கார்டு, அதே பழைய ஹேஷ் என்றால் ஆறேழு மணி நேரத்தில் முடித்துவிடும். ராத்திரி படுக்கும்போது ஓட்டிவிட்டால் காலையில் கையில் இருக்கும். ஐந்து வார்த்தை என்றால் ஐந்து வருஷம். ஆறு வார்த்தை என்றால் நாற்பதாயிரம் வருஷத்துக்கு மேல். ஒவ்வொரு வார்த்தையும் 7,776 மடங்கு கூட்டுகிறது. 2011-இல் எக்ஸ்கேசிடி கேலிச்சித்திரம் ஒன்று வந்த பிறகு நாலு வார்த்தை என்பது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. இன்றைக்கு நாலு போதாது. ஆறு வையுங்கள்.

லினக்ஸ் தெரிந்தவர்கள் பைதான்கூட வேண்டாம் என்று பேஷிலேயே இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். அங்கேயும் ஒரு குழி உண்டு. பேஷ் தரும் ரேண்டம் எண் 0 முதல் 32,767 வரைதான் போகும். ஒரு லட்சம் வார்த்தை கொண்ட அகராதியை அதற்குக் கொடுத்தால், மூன்றில் இரண்டு பங்கு வார்த்தைகள் ஜென்மத்துக்கும் வராது. பைதானில் விதையை நாமாக வைக்காமல் விட்டால் அது ஆபரேட்டிங் சிஸ்டத்திடமிருந்து நல்ல விதையைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆனாலும் அதன் ரேண்டம் பகுதி பாஸ்வேர்டுக்கு ஆகாது. அது கொட்டும் எண்களில் 624-ஐ வரிசையாகப் பார்த்துவிட்டவர் 625-ஆவது என்ன என்று சொல்லிவிடலாம். பாஸ்வேர்டுக்கு உதவாது என்று பைதான் கையேடே எச்சரிக்கிறது. அதற்காகவே 2016 டிசம்பரில் வந்த 3.6 பதிப்பில் சீக்ரெட்ஸ் என்று தனியாக ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். அந்தப் பகுதியில் இருக்கும் சாய்ஸ் என்ற கட்டளை, சிஸ்டத்திடமே குலுக்கச் சொல்கிறது. அதற்கு விதை வைக்க நமக்கு இடமே கிடையாது. ஒரே வரி மாற்றம்தான்.

சாட்பாட்டிடம் "ஆறு வார்த்தை பாஸ்வேர்டு ஒன்று கொடு" என்று கேட்பவர்களையும் இப்போது பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அது அடுத்து எந்த வார்த்தை வரும் என்று பழகியதிலிருந்து எடுத்துத் தருகிற இயந்திரம். குலுக்குவது அதன் வேலை இல்லை. கேட்டதும் கிடைத்ததும் அந்த உரையாடலில் பதிந்தும் கிடக்கும்.

தமிழிலேயே வார்த்தைகளை வைக்கலாமே என்று ஆசை வரும். எனக்கும் வந்தது. நம் வார்த்தைகள் நெஞ்சில் சட்டென்று ஒட்டும். ஆனால் தமிழ் எழுத்தில் தட்டினால் இரண்டு ஆபத்து. நொய்யல் என்று எழுதுகிறோம். அதன் முதல் எழுத்தில் இருக்கும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் பதியலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒரே நொய்யல். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு பாஸ்வேர்டு. வீட்டுக் கீபோர்டில் போட்டதை போனில் தட்டும்போது "தவறான பாஸ்வேர்டு" என்று வந்தால், நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்றே நினைத்துக்கொள்வீர்கள். இரண்டாவது இன்னும் ஆபத்து. பிகிரிப்ட் என்ற ஹேஷ் முறை 72 பைட்டுக்கு மேல் பார்ப்பதில்லை. பல மென்பொருள்களில் மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். தேங்காய் என்ற ஒரு வார்த்தைக்கு 24 பைட். இந்த நீளத்தில் மூன்று வார்த்தை வைத்தாலே இடம் நிறைந்துவிடும். ஆறு வார்த்தை வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம், பின்னால் வரும் மூன்றைத் தளம் பார்த்திருக்கவே பார்த்திருக்காது. இந்த 72 கணக்கு ஏட்டில் மட்டும் இருக்கிற விஷயம் இல்லை. 2024-இல் ஆக்டா என்ற பெரிய லாகின் நிறுவனத்தில், பயனர் பெயர் 52 எழுத்து அல்லது அதற்கு மேல் இருந்தால், சில சூழ்நிலைகளில் பாஸ்வேர்டு சரிதானா என்றே பார்க்காமல் உள்ளே விட்டுவிட்ட ஓட்டை இதே வெட்டினால் வந்ததுதான்.

தமிழ் வார்த்தைகளை ஆங்கில எழுத்தில் வைப்பதுதான் வழி. அதிலும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். வாழை என்பதை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். பட்டியலில் ஒரு வார்த்தைக்கு ஒரே எழுத்துக்கூட்டுதான் என்று முடிவு செய்துகொண்டு, கடைசி வரை அதையே பிடித்துக்கொள்ள வேண்டும். 7,776 வார்த்தைகள் சேர்ப்பது பெரிய வேலை. கல்லூரிப் பிள்ளைகள் புராஜெக்டாக எடுத்துச் செய்தால் ஊருக்கே உதவும்.

கம்ப்யூட்டரையே நம்பப் பிடிக்கவில்லை என்றால் பகடை இருக்கிறது. பரணில் கிடக்கும் பித்தளைத் தாயக்கட்டையை எடுத்துவிடாதீர்கள். இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் நாலு முகம், மொத்தம் பதினாறு விதமாக விழும். ஆனால் நாம் இரண்டையும் கூட்டித்தானே படிப்போம்? கூட்டினால் மூன்று விழ நாலு வழி, தாயம் விழ இரண்டு வழி, ஆறு விழ ஒரே வழி. எல்லாம் சமமாக விழாது. உருட்டிப் பழகிய கையில் கேட்டது விழும் என்பதும் நம் வீடுகளில் தெரியாததில்லை. சோழியும் கூடாது, மல்லாந்தும் கவிழ்ந்தும் சரிபாதியாக விழ அதன் வயிறும் முதுகும் ஒன்று போல இல்லை. லூடோ பெட்டியில் இருக்கும் ஆறு முகப் பகடைதான் சரி. வார்த்தைக்கு ஐந்து உருட்டு, ஆறு வார்த்தைக்கு முப்பது உருட்டு, கால் மணி நேரம். விழுந்த வார்த்தை பிடிக்கவில்லை என்று நடுவில் ஒன்றை எடுத்துவிட்டு, பேத்தி பெயரை வைத்தால் பட்ட பாடெல்லாம் வீண். வேண்டுமானால் ஆறையும் மொத்தமாகத் தள்ளிவிட்டு முதலிலிருந்து உருட்டுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு, பாஸ்வேர்டைக் கறுப்புத் திரையிலேயே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. நாம் தட்டுகிற வரிகளைப் பேஷும் விண்டோஸின் பவர்ஷெல்லும் வழக்கமாக ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிடும். ஸ்கிரிப்ட் உண்டாக்கித் தந்த பாஸ்வேர்டை அடுத்த கமாண்டின் வாலில் ஒட்டித் தட்டினால், அது அந்த ஃபைலில் மாதக்கணக்கில் கிடக்கும். பலர் பயன்படுத்தும் லினக்ஸ் சர்வரில், அந்தக் கமாண்ட் ஓடும் நேரத்தில் பக்கத்து ஆளும் பார்க்கலாம். கமாண்டுக்குள் பாஸ்வேர்டு கிடந்த கதை ஒன்று உண்டு. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக்கான கம்ப்யூட்டரில் டிட்ராக் என்ற வைரஸ் புகுந்ததை, முதலில் நிலையத் தரப்பு மறுத்தாலும், அக்டோபர் 30-ஆம் தேதி அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அணு உலையை இயக்கும் நெட்வொர்க் தனியாக இருந்ததால் அது பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னது. அந்த வைரஸின் மாதிரியைப் பிரித்துப் பார்த்தவர்கள், ஒரு கமாண்டுக்குள் உள் நெட்வொர்க்கின் அட்மின் பெயரும் பாஸ்வேர்டும் பச்சையாக எழுதப்பட்டிருந்ததைக் கண்டார்கள். உள்ளே ஒரு முறை வந்து பாஸ்வேர்டைக் கற்றுக்கொண்டு போய், மறுபடி வருவதற்குத் தயாராக எழுதி வைத்தது போல இருந்தது அது. பாஸ்வேர்டு எங்கெல்லாம் எழுத்தாகக் கிடக்கிறதோ, அங்கெல்லாம் ஒரு சாவி கிடக்கிறது.

ஒர்க்‌ஷாப்பில் கிடந்த சாவியையும் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை காலை நானும் பையனும் போனோம். அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அக்காவின் கம்ப்யூட்டரில், முகப்பிலேயே ஒரு நோட்பேட் ஃபைல். பதினாலு பாஸ்வேர்டும் வரிசையாக. ஃபைலின் மேல் மவுஸை வைத்தால் கடைசியாகச் சேமித்த தேதி, மணி, நிமிஷம் தெரிந்தது. "பத்திரமா வெச்சிருக்கேனுங் சார், ஒண்ணைக் கூட அழிக்கலை" என்றார் அக்கா. அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

பையன் அங்கேயே உட்கார்ந்து ஸ்கிரிப்டைத் திருத்தினான். நேரத்தை எடுக்கும் வரி போனது, சீக்ரெட்ஸ் வந்தது, 200 போய் 7,776 வந்தது, நாலு ஆறானது. ஃபைலில் எழுதாமல் திரையில் மட்டும் காட்டும்படி மாற்றினான். முதலில் மாற்றியது ஆபீஸ் மெயிலை. மற்ற எல்லாக் கணக்கின் பாஸ்வேர்டையும் மறந்துவிட்டதாகச் சொல்லி மாற்றிக்கொள்ள வழி அந்த மெயில் வழியாகத்தான் போகிறது. அதன் பிறகு பேங்க், பிறகு ஜிஎஸ்டி. பதினைந்து எழுத்துக்கு மேல் ஏற்காத தளம் ஒன்று இருந்தது. அங்கே வார்த்தைகளை விட்டுவிட்டு, அதே சீக்ரெட்ஸைக் கொண்டு எழுத்தும் எண்ணும் கலந்து பதினைந்தையும் நிரப்பினோம். பேங்க் பாஸ்புக்கில் ஆறு மாத வரவு செலவை அக்கா ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். தெரியாத வரி எதுவும் இல்லை. இருந்திருந்தால் அந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போட்டிருப்போம். பணம் கைமாறிப் போவதற்குள் நிறுத்த வேண்டுமானால் அங்கேதான் முதலில் சொல்ல வேண்டும்.

மத்தியானத்துக்குள் பன்னிரண்டு கணக்குகளுக்குப் புதுப் பாஸ்வேர்டு வந்துவிட்டது. மீதி இரண்டையும் மாற்றப் போனால், ஓடிபி இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டுப் போனவரின் போன் நம்பருக்குப் போகிறது. அந்த நம்பர் இப்போது அணைந்து கிடக்கிறது. ஆள் ஒண்டிப்புதூர் பக்கம் இருப்பதாகச் சொன்னார்கள். பையனும் பெரியப்பாவும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள்.